"சிகரெட்டை விட்டிட்டன், இப்ப அது மட்டும்தான்": கஞ்சாவுக்குள் ஒளிந்திருக்கும் நிகோடின்

பரந்தன் சந்தியில் இருந்து கொஞ்சம் தள்ளி, ஏ-9 வீதியோரத் தேநீர்க்கடை ஒன்றில் வைத்துத்தான் அவன் அதைச் சொன்னான்.

"அண்ணை, நான் சிகரெட்டை விட்டு நாலு மாசமாகுது."

எனக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. வயது 24. ஓட்டோ ஓடுகிறான். பாடசாலைக் காலத்திலேயே பழகி, ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு என்று வந்து நின்றவன். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். தேநீர்க் காசை நான்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்துக் கொடுத்தேன். கடையை விட்டு இறங்கும்போது அவன் கடைக்காரரிடம் ஒரே ஒரு சிகரெட் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தான். நான் அதைப் பார்த்ததை அவனும் கண்டுவிட்டான்.

"இது பத்துறதுக்கு இல்லை அண்ணை. அதுக்குப் போட. இப்ப அது மட்டும்தான். பின்னேரம் ஒண்டு, படுக்க முன்னம் ஒண்டு."

'அது' என்றால் என்னவென்று வடக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேரளா கஞ்சா. சுருக்கமாக 'கே.ஜி'.

அவன் என்னை ஏமாற்றவில்லை. தான் சிகரெட்டை விட்டுவிட்டதாக முழு மனதோடு நம்புகிறான். ஏழு வருடங்களுக்கு முன்னர் நானும் இதே வசனத்தைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிழமை நாட்களில் சிகரெட்டைத் தொடமாட்டேன். சனிக்கிழமை இரவு நண்பர்களோடு சேர்ந்தால் மட்டும் அது. திங்கட்கிழமை காலையில் காரணமே தெரியாமல் எரிச்சல் வரும். செவ்வாய்க்கிழமை பெட்டிக்கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் தானாகவே நிற்கும். மூன்று தடவை விட்டேன், மூன்று தடவையும் இப்படித்தான் முடிந்தது. எனக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காலத்தில் ஒரு முறை புகைத்தலை விடுவதற்கான ஆலோசனைக்கும் போனேன். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், எத்தனை வயதில் தொடங்கினீர்கள், வீட்டில் வேறு யாராவது புகைப்பார்களா என்றெல்லாம் கேட்டார்கள். கஞ்சா பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது வேறு விடயம்.

கஞ்சா புகைக்கும் இளைஞர் ஒருவர் நிகோடினை விட முயலும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கஞ்சா எப்படி வருகிறது, யார் கொண்டு வருகிறார்கள், யார் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்பதெல்லாம் தனிக் கட்டுரைக்குரியவை. நானும் எழுதியிருக்கிறேன், மற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிடிபட்ட கிலோக் கணக்குகளையே எழுதிக்கொண்டிருந்ததில், புகைக்கிறவனிடம் போய் "உனக்கு ஏன் விட முடியவில்லை?" என்று கேட்க எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

முதலில் எளிமையான கணக்கு. சாதாரண சிகரெட் ஒன்றில் ஏறத்தாழ 0.7 கிராம் புகையிலை இருக்கிறது. அதைப் புகைக்கும்போது ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரையான நிகோடின் உடம்புக்குள் போகிறது. எங்கள் ஊரில் கஞ்சாவைப் பெரும்பாலும் தனியாகப் புகைப்பதில்லை. சிகரெட்டைக் கொட்டி, அந்தத் தூளோடு கலந்துதான் புகைக்கிறார்கள். கஞ்சா விலை கூடினால் புகையிலையின் பங்கும் கூடும். என் தம்பி ஒரு நாளைக்கு இரண்டு தடவை புகைக்கிறான். அதாவது பத்துச் சிகரெட்டில் இருந்து ஏறத்தாழ ஒன்றுக்குக் குறைத்திருக்கிறான். அது குறைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் நிகோடினை விடவில்லை. போதாததற்குக் கஞ்சா புகைப்பவர்கள் புகையை ஆழமாக இழுத்து, நீண்ட நேரம் நெஞ்சுக்குள் பிடித்து வைக்கிறார்கள். அதனால் அதே அளவு புகையிலையில் இருந்தும் கூடுதலாகவே உள்ளே போகும்.

நிகோடின் புகையோடு போனால் பத்து, இருபது விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும். பிறகு மூளை 'அடுத்தது எங்கே?' என்று கேட்கத் தொடங்கும். தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் நிகோடினை ஏற்கும் வாங்கிகள் சாதாரண அளவை விடப் பெருகியிருக்கும். முற்றாக விட்டவர்களில் அவை பழைய நிலைக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் எடுப்பதாக மூளைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. முற்றாக விட்டவர்களில் என்பதைக் கவனியுங்கள். பின்னேரம் ஒன்று, படுக்க முன்னர் ஒன்று என்று கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த வாரக் கணக்கு தொடங்குவதே இல்லை. என்னுடைய சனிக்கிழமைகளும் அப்படித்தான். பசித்த வயிற்றுக்கு வாரம் ஒருமுறை வாசனை காட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கலப்புப் பழக்கம் எங்களுடையது மட்டுமல்ல. 2016 இல் வெளியான ஆய்வொன்று 18 நாடுகளைச் சேர்ந்த 33,687 கஞ்சாப் பாவனையாளர்களின் பதில்களை எடுத்துப் பார்த்தது. ஐரோப்பிய நாடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் புகையிலையோடு கலந்துதான் புகைக்கிறார்கள். அமெரிக்காவில் அது மிகக் குறைவு. தெற்காசியா பற்றிய ஆய்வல்ல இது. இருந்தாலும் அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. புகையிலை கலக்காமல் பாவிப்பவர்களோடு ஒப்பிடும்போது, கலந்து பாவிப்பவர்களிடம் புகையிலையைக் குறைக்க உதவி தேட வேண்டும் என்ற விருப்பமே குறைவாக இருந்தது. இரண்டும் ஒன்றாகச் சுருட்டப்படும்போது, எதை விடுவது என்ற கேள்வியும் அதற்குள்ளேயே சுருண்டு போய்விடுகிறது என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் கலப்பது குறைவு என்றேன். அங்கேயும் நிலைமை நல்லதல்ல. 2002 முதல் 2016 வரையான தேசியக் கணக்கெடுப்புகளை வைத்துச் செய்த ஆய்வொன்று, வாழ்நாளில் சிகரெட் புகைத்தவர்களில் எத்தனை வீதமானோர் அதை விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தது. 2016 இல், கடந்த ஒரு மாதத்தில் கஞ்சா பாவிக்காதவர்களில் 45 வீதமானோர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். பாவித்தவர்களில் 23 வீதமானோர்தான். ஏறத்தாழ பாதி.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த எண்களை வைத்துக்கொண்டு 'கஞ்சாதான் விடவிடாமல் தடுக்கிறது' என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. கஞ்சா பாவிப்பவர்கள் சராசரியாக வயது குறைந்தவர்கள். வயது குறைந்தவர்களுக்குச் சிகரெட்டை விடுவதற்கு இன்னும் காலம் போதவில்லை. மதுசாரம், மன அழுத்தம், வேலையில்லாத நிலை எல்லாம் கூடவே வரும். சிகிச்சைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து அவதானித்த சில ஆய்வுகளில் கஞ்சா பாவித்தவர்களுக்கும் பாவிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேறு சிலவற்றில் தெளிவாகத் தெரிந்தது. இந்த முரண்பாட்டுக்கு ஒரு காரணம், மாதத்தில் ஒருமுறை புகைப்பவரையும் ஒவ்வொரு நாளும் புகைப்பவரையும் 'கஞ்சாப் பாவனையாளர்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு எண்ணுவது. கலந்து புகைக்கிறாரா, தனியாகப் புகைக்கிறாரா என்று பல ஆய்வுகள் கேட்பதே இல்லை. அமெரிக்காவில் சுருட்டுத் தோலுக்குள் கஞ்சாவை அடைத்துப் புகைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோல் புகையிலை. ஆனால் 'சுருட்டுப் புகைப்பீர்களா?' என்று கேட்டால் இல்லை என்றே சொல்லுவார்கள். என் தம்பியின் பதிலும் அதுதானே.

புகையிலையை ஒரு பக்கம் வைத்தாலும் இந்த இரண்டுக்கும் மூளைக்குள் ஒரு தொடர்பு உண்டு. அதை ஒரு தோற்றுப்போன மாத்திரையின் கதையில் இருந்து விளங்கிக்கொள்ளலாம். ரிமோனபன்ட் என்று ஒரு மருந்து. கஞ்சாவின் முக்கிய இரசாயனமான ரி.எச்.சி மூளையில் எந்த வாங்கியில் போய் ஒட்டுகிறதோ, அதே வாங்கியை அடைக்கும் மருந்து அது. உடற்பருமனைக் குறைக்க என்று 2006 இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டது. சிகரெட்டை விட விரும்பியவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கஞ்சா வாங்கியை அடைத்தபோது சிகரெட்டை விடுவது சிலருக்கு இலகுவானது. அதாவது நிகோடின் தருகிற சுகத்தின் ஒரு பகுதி, கஞ்சா போகிற அதே பாதையால்தான் போகிறது. ஆனால் மருந்தை எடுத்தவர்களுக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008 இல் அதை நிறுத்திவிட்டார்கள். மருந்து போனது, அது காட்டிய உண்மை மிஞ்சியது. ஒன்றைப் பாவிக்கும்போது மற்றதன் ஆசையும் ஏன் கிளறப்படுகிறது என்பதற்கு அது ஒரு பதில்.

மற்றப் பதிலுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. அதே லைட்டர், அதே விரல்கள், அதே குளக்கட்டு, அதே கூட்டாளிகள், அதே பின்னேர நேரம்.

இனி விடும் நாட்களுக்கு வருவோம். சிகரெட்டை நிறுத்தினால் சில மணித்தியாலங்களிலேயே அந்தரம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். பிறகு மூன்று, நான்கு கிழமைகளில் படிப்படியாக அடங்கும். கஞ்சாவை ஒவ்வொரு நாளும் பாவித்தவர் நிறுத்தினால், ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தொடங்கும். முதல் கிழமையில் உச்சம், இரண்டு மூன்று கிழமைக்கு இழுக்கும். அறிகுறிகளைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எரிச்சல், பதற்றம், நித்திரையின்மை, ஒன்றிலும் மனம் நிற்காமை. வேறுபாடு ஒன்று உண்டு. நிகோடினை விட்டால் பசி கூடும், கஞ்சாவை விட்டால் சாப்பாடு பிடிக்காது.

அறிகுறிகள் ஒரே மாதிரி இருப்பதால் ஆள் குழம்பிப் போகிறார். சிகரெட்டை நிறுத்திய மூன்றாம் நாள் வரும் அந்தரத்துக்குக் கஞ்சா புகைத்தால் தற்காலிகமாக அடங்கும். அதற்குள் இருக்கும் புகையிலையும் சேர்ந்து அடக்கும். 'பாத்தியே, இதுதான் எனக்கு மருந்து' என்று மனம் பதிந்துகொள்ளும். பிறகு கஞ்சா கிடைக்காத ஒரு நாள் வரும். கையில் காசில்லை, கொண்டு வருகிறவர் பிடிபட்டுவிட்டார், ஏதோ ஒன்று. அன்றைக்குக் கடையில் பகிரங்கமாகக் கிடைக்கிற பொருள் சிகரெட்தான். ஒன்றை விட்டவர் மற்றதால் ஈடுசெய்வதும், பிறகு இரண்டுக்குமே திரும்புவதும் இந்த வழியால்தான்.

என் தம்பியிடம் நான் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னேன். பின்னேரத்தில் புகைப்பதை நிறுத்தலாம் என்று ஒத்துக்கொண்டான். படுக்க முன்னர் புகைப்பதைப் பற்றிப் பேசியபோது முகம் மாறியது.

"அது இல்லாட்டிக் கனவு வரும் அண்ணை."

2009 இல் அவனுக்கு எட்டு வயது. மாத்தளன் பக்கம் இருந்து முள்ளிவாய்க்கால் வரை அவர்கள் குடும்பம் போன பாதையை நான் அறிவேன். அந்தப் பாதையில் அவர்கள் யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதையும் அறிவேன். அவன் கேட்டுக்கொண்டபடி அதை இங்கே எழுதவில்லை. இதை வாசிக்கும் பலருக்கு அப்படி ஒரு பாதை இருக்கும்.

கனவுக்கும் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பு கற்பனை அல்ல. நாங்கள் அதிகமாகக் கனவு காண்பது, மூடிய கண்களுக்குள் விழிகள் வேகமாக அசையும் நித்திரைக் கட்டத்தில். கஞ்சா அந்தக் கட்டத்தைக் குறைக்கிறது. அதனால் ஒவ்வொரு நாளும் புகைப்பவர்களுக்குக் கனவு குறையும், அல்லது ஞாபகம் இருக்காது. நிறுத்தியதும் அமுக்கி வைத்த அந்தக் கட்டம் இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வரும். கனவுகள் தெளிவாக, நிறத்தோடு, சத்தத்தோடு வரும். சாதாரணமான ஒருவருக்கு அது விசித்திரமான சில இரவுகள். எட்டு வயதில் பங்கருக்குள் இருந்த ஒருவருக்கு அது வேறு. மூன்றாம் இரவிலேயே எழும்பி இருந்து, விடியும் வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்குகிறவனை 'மன உறுதி இல்லாதவன்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. நிகோடினை விடும்போதும் நித்திரை குழம்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வெள்ளமும் ஒரே இரவில்.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதும்போது 'கூட்டு மனவடு' என்ற கருத்தை வலியுறுத்தியிருக்கிறார். காயம் தனி ஆளில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது என்பது அதன் சாரம். புகைத்தலை விடச் சொல்லும் எங்கள் சுவரொட்டிகளில் அழுகிய நுரையீரல் இருக்கிறது. பெட்டியின் 80 வீதத்தில் படமும் எச்சரிக்கையும் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு வரும் கனவு அதில் எதிலும் இல்லை.

அப்படியென்றால் கஞ்சா அவனுக்கு உண்மையிலேயே மருந்துதானே என்று நீங்கள் கேட்கலாம். அவனும் கேட்டான். அமெரிக்காவில் போரால் மனவடுவுக்கு உள்ளான 80 முன்னாள் படையினரை வைத்து ஒரு பரீட்சார்த்த ஆய்வு செய்து, 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு வெவ்வேறு வகைக் கஞ்சா, சிலருக்கு ரி.எச்.சி நீக்கப்பட்ட வெறும் இலை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்று கிழமை முடிவில் எல்லோருக்குமே கொஞ்சம் குறைந்தது. ஆனால் உண்மையான கஞ்சா வெறும் இலையை விடக் கூடுதலாக எதையும் செய்யவில்லை. இது சின்ன ஆய்வு. இதோடு விவாதம் முடியவில்லை. ஆனால் 'இது மருந்து' என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்பது தெளிவு. கனவை அமுக்குவது வேறு, காயத்தை ஆற்றுவது வேறு. அமுக்கிய கனவு கடன் மாதிரி வட்டியோடு நிற்கும்.

இன்னொரு நம்பிக்கையும் எங்கள் பக்கம் உண்டு. சிகரெட்தான் கெடுதல், இது மூலிகை, ஆயுர்வேதத்தில் இருக்கிறது என்பார்கள். மூலிகையோ இல்லையோ, எரித்தால் புகை புகைதான். 1988 இல் வெளியான பழைய ஆய்வொன்று, சிகரெட்டோடு ஒப்பிடும்போது கஞ்சா புகைத்தவர்களின் இரத்தத்தில் காபன் மொனொக்சைட்டு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடியதையும், உள்ளே இழுத்த தார் மூன்று மடங்காக இருந்ததையும் அளந்தது. ஆழமாக இழுத்து அடக்கி வைப்பதுதான் காரணம். பெயரில் கூட ஒரு வேடிக்கை இருக்கிறது. 'கேரளா' என்கிறோம். இந்தியப் பொலிஸாரின் செய்திகளைத் தொடர்ந்து படித்தால் பெரும்பகுதி ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில் விளைவதாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் புகையிலை கப்பலேறித் திருவாங்கூருக்குப் போனது. எங்கள் முப்பாட்டன்மார் வீடு கட்டியது அந்தக் காசில். இப்போது அதே கடலால் வேறொன்று வந்து, எங்கள் ஊர்ப் பெடியளின் கையில் புகையிலையோடு சேருகிறது.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வைத்தியர் அல்ல.

எண்ணிப் பார்ப்பதில் இருந்து தொடங்குங்கள். 'சிகரெட் எத்தனை?' என்று எண்ணாதீர்கள். புகையிலை எரிந்த ஒவ்வொரு தடவையையும் எண்ணுங்கள், கலந்ததையும் சேர்த்து. ஒரு கிழமை எழுதி வைத்தால் போதும். என் தம்பி இரண்டு என்று சொன்னது எழுதிப் பார்க்கும்போது சில நாட்களில் நான்காக இருந்தது. கூட்டாளியின் கையில் இருந்து வாங்கி இழுத்தவற்றை அவன் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

இரண்டையும் ஒரே நாளில் விடுவதா, ஒன்றன் பின் ஒன்றா? ஆய்வாளர்களிடமே இதற்கு ஒற்றைப் பதில் இல்லை. இரண்டையும் சேர்த்து விடச் சொல்லிச் செய்யப்பட்ட சிறிய பரிசோதனைகள், அது நடக்கக்கூடியதுதான் என்று காட்டியிருக்கின்றன. கலந்து புகைப்பவருக்குப் புகையிலையை விடுவதும் கலப்பை விடுவதும் ஒரே செயல்தான், வேறு வழியில்லை என்பது என் அனுபவம். 'கலக்காமல் தனியாகப் புகை' என்று சில நாடுகளில் இடைப்படியாகச் சொல்கிறார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. 20 வயதுகளின் நடுப்பகுதி வரைக்கும் மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. வீரியம் கூடிய கஞ்சாவை ஒவ்வொரு நாளும் பாவிப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் ஆபத்தும் கூடுதல். எங்கள் கிராமங்களில் அப்படி ஒரு பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள்.

நிகோடினுக்கு மருந்து இருக்கிறது. தோலில் ஒட்டும் பட்டியும் மெல்லும் கமும் 2009 இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. புப்ரோபியோன், வரெனிக்ளின் என்ற மாத்திரைகள் 2021 இல் சேர்ந்தன. பட்டியலில் இருப்பது வேறு, கிளிநொச்சியில் கிடைப்பது வேறு. நான் மூன்று பாமசிகளில் பட்டி கேட்டேன், மூன்றிலும் இல்லை என்றார்கள். கஞ்சாவுக்கு இதுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இல்லை. ஆலோசனையும் பயிற்சியும்தான். துர்க்கனவுக்கு உதவும் ஒரு பயிற்சி உண்டு. வரும் கனவைப் பகலில் எழுதி, அதன் முடிவை நாங்கள் விரும்பியபடி மாற்றி, அந்தப் புதிய கனவைப் பல நாட்கள் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும். பலருக்குப் பலன் கொடுத்திருக்கிறது. உளநல ஆலோசகர் ஒருவரோடு சேர்ந்து செய்வதுதான் நல்லது.

உளநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று. புகையில் உள்ள இரசாயனங்கள் குளோசபின், ஒலன்சபின் போன்ற மருந்துகளை ஈரல் வேகமாக உடைக்கும்படி செய்கின்றன. சிகரெட் புகையும் கஞ்சாப் புகையும் இரண்டுமே. திடீரென்று நிறுத்தினால் அதே மாத்திரையின் அளவு இரத்தத்தில் கூடிவிடும். எனவே நிறுத்த முன்னர் வைத்தியருக்குச் சொல்லுங்கள். தேநீரில் உள்ள கஃபீனுக்கும் இதே கதைதான். ஒரு நாளைக்கு ஆறேழு பிளேன்ரீ குடிப்பவர் சிகரெட்டை விட்ட பிறகும் அதே அளவு குடித்தால், வராத நித்திரை இன்னும் வராது. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு பிளேன்ரீயை நிறுத்தியது எனக்கு எல்லாவற்றையும் விட உதவியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

புகைத்தலை விட்டால் மனம் இன்னும் குழம்பிவிடும் என்ற பயம் மனவடு உள்ளவர்களிடம் அதிகம். முதல் கிழமைகளில் அது உண்மை. ஆனால் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014 இல் வெளியான மீளாய்வு, விட்டவர்களின் பதற்றமும் மனச்சோர்வும் தொடர்ந்து புகைத்தவர்களை விடக் குறைந்ததைக் காட்டியது. உளநோய் உள்ளவர்களுக்கும் அதே அளவுக்குக் குறைந்தது.

கடைசியாக, யாரிடம் போவது? எங்கள் பக்கத்தில் பெரிய தடை இதுதான். சிகரெட் பற்றி வைத்தியரிடம் பேசலாம். கஞ்சா சட்டவிரோதம். 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கிய பிறகு வீதியில் மறித்துச் சோதிப்பதும் கைதுகளும் எப்படி இருந்தன என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சீருடையையும் படிவத்தையும் கண்டால் வாயை மூடிக்கொள்ளப் பழகிய சமூகம் நாங்கள். அந்தப் பழக்கம் எங்களைக் காப்பாற்றிய காலமும் உண்டு. ஆனால் வைத்தியரிடம் பாதியை மறைத்தால் அவரால் பாதிக்குத்தான் சிகிச்சை செய்ய முடியும். வடக்கின் மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. 1926 தேசிய உளநல உதவி இலக்கம். 1948 புகைத்தலை விடுவதற்கான இலக்கம். 1927 அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். ஆலோசனை வழங்கும் உத்தியோகத்தர்களிடமும் ஒரு வேண்டுகோள். சிகரெட் எத்தனை என்று கேட்கும் அதே மூச்சில், அதே குரலில், கஞ்சா பற்றியும் கேளுங்கள். கேட்ட பிறகு, இரவில் நித்திரை எப்படி என்றும் கேளுங்கள்.

தம்பி பின்னேரத்தில் புகைப்பதை நிறுத்தி ஐந்து கிழமை. இரவில் புகைப்பது இன்னும் இருக்கிறது. உளநலப் பிரிவுக்கு வருகிற வியாழக்கிழமை போவதாக இருக்கிறோம். தனியப் போகமாட்டானாம்.

"என்ர ஓட்டோவை அங்க வெளியில விட்டா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் அண்ணை. உங்கட மோட்டசைக்கிளில போவம். ஒன்பது மணிக்கு முன்னம் வாங்கோ, அதுக்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்துற ஹயர் இருக்கு."